நிழலில் வளரும் கோரை: ஒரு செடியின் பாதுகாப்பு நிலையை எப்படிப் புரிந்துகொள்வது?

மதுரைப் பக்கம் கோரையைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு விஷயம்தான் வரும். ஒன்று பாய். இன்னொன்று, எத்தனை தரம் களை எடுத்தாலும் மழை பெய்த மறுவாரமே வயலில் தலைகாட்டும் கோரைப்புல். அதன் கிழங்கை நாட்டு மருந்துக் கடையில் முத்தக்காசு என்று கேட்டு வாங்குவார்கள். கண்மாய்க் கரை, வாய்க்கால் ஓரம், வைகையின் மணல் திட்டு என்று கொஞ்சம் ஈரம் இருந்தால் போதும், அங்கே முளைத்துவிடும். உலகத்திலேயே மிக மோசமான களைகளில் ஒன்று என்று வேளாண் அறிஞர்கள் சொல்லும் செடி அது. இப்படிப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியைக் காப்பாற்ற வேண்டும் என்று சொன்னால், கோரையையா, அதுதான் பிடுங்கப் பிடுங்க வருகிறதே என்றுதான் கேட்பார்கள்.

ஆனால் கோரைக் குடும்பம் பெரிய குடும்பம். உலகம் முழுக்க 5,500 இனங்களுக்கு மேல் உண்டு. அதில் கேரெக்ஸ் என்ற ஒரே பேரினத்தில் மட்டும் ஏறத்தாழ 2,000 இனங்கள். வயல் கோரையும் பாய்க் கோரையும் சைபரஸ் என்ற வேறொரு பேரினம். அவை வெயிலில் நின்று வளர்பவை. கேரெக்ஸ்களில் பலவோ மரநிழலில், மக்கிய இலைச் சருகில், ஓடையின் ஈரக் காற்றில் வாழ்பவை. இந்தக் கட்டுரையில் அவற்றைக் காட்டுக் கோரை என்றே சொல்கிறேன்.

ஒரு காட்டுக் கோரையைப் பற்றி எங்கே படித்தாலும் இரண்டு சொற்கள் சேர்ந்தே வரும்: வாழிடம், பாதுகாப்பு நிலை. பள்ளிப் பாடத்தில் இரண்டையும் தனித்தனி வரையறையாக மனப்பாடம் செய்திருப்போம். உண்மையில் இரண்டையும் பிரிக்க முடியாது. எந்த இடத்தில், எவ்வளவு நிழலில், எவ்வளவு ஈரத்தில் ஒரு செடி வாழ்கிறது என்று தெரியாமல் அதற்கு ஆபத்து இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலில் செடியைப் பார்ப்போம்

கோரையையும் புல்லையும் பிரித்தறிய விரல் போதும். பூந்தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள். புல்லின் தண்டு வழுக்கிக்கொண்டு உருளும். கோரைகளில் பெரும்பாலானவற்றின் தண்டு உருளாது. தடுக்கித் தடுக்கித் திரும்பும். தண்டுக்கு மூன்று பக்கம், மூன்று விளிம்பு. பிளேடால் குறுக்கே வெட்டினால் முக்கோணம் தெரியும். இலைகளும் மூன்று திசையில் வரிசையாகப் பிரியும். புல்லில் இரண்டு திசைதான். புல்லின் தண்டில் மூங்கிலில் இருப்பது மாதிரி கணு உண்டு, உள்ளே பெரும்பாலும் வெற்றுக் குழல். கோரைத் தண்டில் கணு தட்டுப்படாது, உள்ளே சோறு நிறைந்திருக்கும்.

கேரெக்ஸுக்கு மட்டும் இன்னொரு அடையாளம் உண்டு. அதன் ஒவ்வொரு பெண் பூவும் ஒரு சிறு பைக்குள் மூடியிருக்கும். பையின் நுனியில் ஒரு துளை; அதன் வழியே சூல்முடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காற்றில் வரும் மகரந்தத்தை அது பிடித்துக்கொண்டபின் பைக்குள்ளேயே காய் முற்றும். இந்தப் பை எவ்வளவு நீளம், அதில் நரம்பு உண்டா, நுனி இரண்டாகப் பிளந்திருக்கிறதா, மேலே மயிர் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் 2,000 இனங்களையும் பிரிக்கிறார்கள். வெறுங்கண்ணுக்கு இதெல்லாம் சரியாகத் தெரியாது. தெற்காவணி மூல வீதியில் நகைக்கடைக்காரர்கள் கல் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் இதற்கு அருமையாக உதவும்.

நம் பக்கத்து மலைகளில் இருக்கும் காட்டுக் கோரைகளில் கண்ணுக்கு மிக அழகானது கேரெக்ஸ் பக்கான்ஸ். பழனி மலையிலும் நீலகிரியிலும் சோலை ஓரங்களில், ஓடைக் கரைகளில் இதைக் காணலாம். இடுப்பளவு உயரத்துக்குக் குத்தாக வளரும். இலை நீளமானது, விளிம்பு சொரசொரப்பு. அவசரமாக உருவினால் கையைக் கீறிவிடும். மற்றக் கோரைகளில் பை பச்சையாகவோ பழுப்பாகவோ ஒட்டி உலர்ந்து கிடக்கும். இதிலோ அது உப்பி, பழுத்துச் சிவந்து, கொத்துக்கொத்தாகத் தொங்கும். கோரைக்குப் பழம் உண்டா என்று கேட்கத் தோன்றும் அளவுக்குச் சிவப்பு. ஒன்றை நசுக்கிப் பார்த்தால் சதை இல்லை. மெல்லிய தோல், உள்ளே ஒரே ஒரு சின்னக் கொட்டை. முதன்முறையாகப் பார்ப்பவர்கள் இதைக் கோரை என்று ஒத்துக்கொள்வதற்கே நேரமாகும்.

வாழிடம் என்பது மரம் மட்டுமல்ல

மதுரையில் இருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. கோரைகளின் வாழிடம் எப்படி மாறுகிறது என்பதைக் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே பார்த்துவிடலாம்.

நகரம் கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது. இங்கே கோரை என்றால் வெயில், சேறு, தேங்கிய தண்ணீர். அழகர் மலைக்குப் போனால் அடிவாரத்தில் முள்ளும் புதரும். மேலே நூபுர கங்கைப் பக்கம் ஊற்று நீர் ஓடும் பள்ளத்தில் மட்டும் மரங்கள் அடர்ந்து, காற்றே குளிர்ந்துவிடும். ஒரே மலையில் சில நூறு அடிக்குள் இரண்டு உலகம். அதற்கும் மேற்கே சிறுமலை. அதன் மேல் மடிப்புகளில் இன்னும் ஈரமான காடு, நிழலில் காப்பித் தோட்டங்கள். அப்புறம் மதுரையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் சாலைப் பயணத்தில் கொடைக்கானல், ஏறத்தாழ 2,100 மீட்டர். அங்கேதான் சோலைக்காடு.

சோலை என்பது பெரிய மரங்கள் வானைத் தொடும் காடு அல்ல. மலையின் மடிப்புகளில், ஓடை பிறக்கும் பள்ளங்களில், குட்டையான மரங்கள் ஒன்றோடொன்று நெருங்கி மூடிய சிறு சிறு காட்டுத் திட்டுகள். சுற்றிலும் புல்வெளி. மரத்தண்டெல்லாம் பாசி, பன்னம், ஆர்க்கிட். உள்ளே நுழைந்தால் வெளிச்சம் சட்டென்று குறையும். தரையில் கால் வைத்தால் சருகும் மக்கும் அழுந்தும். கொஞ்சம் தோண்டினாலே கறுத்த ஈர மண். மார்கழி, தையில் வெளியே புல்வெளியில் உறைபனி விழுந்து புல் கருகிக் கிடக்கும் காலையிலும் சோலைக்குள் அவ்வளவு குளிர் இறங்காது. மேலே உள்ள இலைக்கூரை பகல் சூட்டையும் இரவுக் குளிரையும் மட்டுப்படுத்திவிடுகிறது.

காட்டுக் கோரைக்கு வேண்டியது இந்தச் சேர்க்கைதான். மரம் ஒரு பகுதி. மரத்தின் அடியில் உள்ள நிழலின் அளவு, மண்ணில் தங்கும் ஈரம், மக்கின் ஆழம், ஓடை கோடையிலும் ஓடுகிறதா இல்லையா, காற்றின் ஈரப்பதம், இவையெல்லாம் சேர்ந்ததுதான் அதன் வாழிடம். மரங்கள் அப்படியே நின்று, மேலே ஒரு குழாய் போட்டு ஓடைத் தண்ணீரை மட்டும் திருப்பிவிட்டால் போதும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் காடு பச்சையாகவே தெரியும். ஓடைக் கரைக் கோரைக்கு வாழிடம் போய்விட்டது.

காடு இருக்கிறதே, அதில் உள்ள செடிகளுக்கு என்ன கவலை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சாட்டிலைட் படத்தில் பச்சைப் பரப்பு குறையவில்லை என்பதைக் காட்டி நிம்மதி அடைகிறார்கள். பழனி மலையின் மேல்பகுதியில் இருபதாம் நூற்றாண்டில் புல்வெளிகளில் பெருமளவு வாட்டில், யூகலிப்டஸ், பைன் நட்டார்கள். பச்சை கூடத்தான் செய்தது. ஆனால் புல்வெளி போனது, பல இடங்களில் சோலை ஓரங்களும் நெருக்கப்பட்டன. பைன் மரத்தடியில் ஊசி இலை மெத்தையாகக் கிடக்கும் தரையில் என்ன முளைக்கிறது என்று குனிந்து பார்த்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். பழைய வாட்டில் தோட்டங்கள் சிலவற்றின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாக முளைத்து வருவதைக் கொடைக்கானல் பக்கம் கவனித்திருக்கிறார்கள். அந்நிய மரம் என்பதற்காக ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டினால் அந்தக் கன்றுகளும், நிழலை நம்பி வந்த தரைச் செடிகளும் வெயிலில் நிற்கும். நல்ல மரம், கெட்ட மரம் என்று பிரிப்பதோடு வேலை முடிவதில்லை. அதன் அடியில் நிலவும் நிழலையும் ஈரத்தையும் பார்த்த பிறகுதான் முடிவெடுக்க வேண்டும்.

பாதுகாப்பு நிலை: யார், எப்படி முடிவு செய்கிறார்கள்?

உலக அளவில் இதைச் செய்வது ஐ.யூ.சி.என். என்று அழைக்கப்படும் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம். 1948-ல் தொடங்கியது, தலைமையகம் ஸ்விட்சர்லாந்தில். அது 1964 முதல் வைத்துவரும் பதிவுக்குச் சிவப்புப் பட்டியல் என்று பெயர். பெயரைக் கேட்டதும் அதில் இருக்கிற எல்லாமே அழியப்போகிறவை என்று நினைத்துவிடக் கூடாது. காகம் கூட அந்தப் பட்டியலில் இருக்கிறது. மதிப்பிட்டுப் பார்த்த எல்லா இனத்துக்கும் அதில் ஓர் இடம் உண்டு.

இடங்கள் மொத்தம் 9. மேலிருந்து வந்தால்: முழுதாக அற்றுவிட்டவை, இயல்பான வாழிடத்தில் அற்றுப்போய்த் தோட்டங்களில் மட்டும் இருப்பவை, மிக அருகியவை, அருகியவை, அழிவாய்ப்பு உள்ளவை, அச்சுறு நிலையை நெருங்கியவை, கவலை குறைந்தவை. நடுவில் உள்ள மிக அருகியவை, அருகியவை, அழிவாய்ப்பு உள்ளவை என்ற மூன்றையும் சேர்த்துத்தான் ஆபத்தில் உள்ள இனங்கள் என்கிறார்கள். மீதி இரண்டும் தனி: தரவு போதாதவை, இன்னும் மதிப்பிடப்படாதவை.

முன்பெல்லாம் நிபுணர்கள் கூடிப் பேசி, தங்கள் அனுபவத்தை வைத்து வகைப்படுத்தினார்கள். 1994-ல்தான் எண்களோடு கூடிய விதிகள் வந்தன. 2001-ல் அவற்றைத் திருத்தினார்கள், இப்போதும் அடிப்படையில் அதுதான் நடப்பில் இருக்கிறது. விதிகள் ஐந்து வகை. எண்ணிக்கை எவ்வளவு வேகமாகக் குறைகிறது, பரவியிருக்கும் பரப்பு எவ்வளவு சின்னது, எண்ணிக்கை சின்னதாகவும் குறைந்துகொண்டும் இருக்கிறதா, எண்ணிக்கையே மிக மிகக் குறைவா, கணக்குப் போட்டால் எத்தனை ஆண்டில் அற்றுப்போகும் என்பவை. ஐந்தில் ஏதாவது ஒன்றில் தகுதி பெற்றாலே போதும். அதில் எது கடுமையான வகையைக் காட்டுகிறதோ அதுதான் அந்த இனத்தின் நிலை.

செடிகளுக்குப் பெரும்பாலும் கைகொடுப்பது இரண்டாவது, அதாவது பரப்பு. யானையை எண்ணலாம். சோலைக்குள் கோரைக் குத்தை யார் உட்கார்ந்து எண்ணுவது? அது மட்டுமல்ல, பல கோரைகள் மண்ணுக்கடியில் கிடைமட்டத் தண்டு ஓட்டி, அங்கங்கே புதிய குத்துகளை எழுப்பும். மேலே பத்துக் குத்து தெரிந்தாலும் அடியில் ஒரே செடியாக இருக்கலாம். அதனால் எங்கெங்கே இருக்கிறது என்ற வரைபடத்திலிருந்து தொடங்குவது சுலபம்.

ஒரு கற்பனை உதாரணம் போட்டுப் பார்ப்போம். பழனி மலையில் மட்டுமே வளரும் ஒரு காட்டுக் கோரை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கும் 6 சோலைகளில் மட்டும் அது கிடைக்கிறது. வரைபடத்தின் மேல் 2 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர் கட்டங்கள் போட வேண்டும். செடி இருக்கும் கட்டங்களை மட்டும் எண்ணினால் 6 கட்டம், ஒவ்வொன்றும் 4 சதுர கிலோமீட்டர், ஆக 24 சதுர கிலோமீட்டர். இதை வாழும் பரப்பு என்பார்கள். விதிப்படி இது 2,000-க்குக் கீழ் என்றால் அழிவாய்ப்பு, 500-க்குக் கீழ் என்றால் அருகியது, 10-க்குக் கீழ் என்றால் மிக அருகியது. 24 என்பது 500-க்கு ரொம்பக் கீழே.

அப்படியானால் நம் கோரை அருகிய இனமா? இல்லை, பரப்பு சிறியது என்பது மட்டும் போதாது. இயல்பாகவே ஒரு மலையுச்சியில் மட்டும் நிம்மதியாக வாழும் செடிகள் எத்தனையோ உண்டு. அதனால் கூடவே மூன்று நிபந்தனைகளில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும்: கடுமையாகத் துண்டுபட்டிருக்க வேண்டும் அல்லது மிகச் சில இருப்பிடங்களில் மட்டுமே இருக்க வேண்டும், பரப்போ வாழிடத்தின் தரமோ எண்ணிக்கையோ தொடர்ந்து சரிந்துகொண்டிருக்க வேண்டும், எண்ணிக்கை தாறுமாறாக ஏறி இறங்க வேண்டும். சோலைகளின் தரம் சரிகிறது என்று காட்ட முடிந்தால் ஒன்று ஆகிவிட்டது. மிச்சம், இருப்பிடங்களின் எண்ணிக்கை. அருகியது என்று சொல்ல 5 அல்லது அதற்குக் கீழே; அழிவாய்ப்பு என்று சொல்ல 10 அல்லது அதற்குக் கீழே. நம்மிடம் 6 சோலை. ஆகவே அழிவாய்ப்புதான்.

சரி, இங்கேதான் வாழிடம் திரும்ப உள்ளே வருகிறது. இருப்பிடம் என்று ஐ.யூ.சி.என். சொல்வது ஊர்க் கணக்கு அல்ல, ஆபத்துக் கணக்கு. ஒரே ஆபத்து ஒரே அடியில் எந்தப் பகுதியிலுள்ள செடிகளையெல்லாம் பாதிக்குமோ, அந்தப் பகுதி முழுவதும் ஒரே இருப்பிடம். நம் 6 சோலைகளில் 3 சோலைகள் ஒரே ஓடையை நம்பி இருக்கின்றன, அந்த ஓடையை மேலே திருப்பிவிடும் அபாயம் இருக்கிறது என்றால், அந்த மூன்றும் சேர்ந்து ஓர் இருப்பிடம்தான். மீதி 3 தனித்தனி. மொத்தம் 4. இப்போது கோரை அருகிய இனமாகிவிட்டது. செடி ஒன்றுகூடக் குறையவில்லை. அந்த ஓடை எங்கே பிறந்து எங்கே ஓடுகிறது என்பதை ஒருவர் நடந்துபோய்ப் பார்த்து எழுதியிருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். பாதுகாப்பு நிலை என்பது எங்கோ அலுவலகத்தில் போடும் முத்திரை என்று நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

உலகத்தில் நிறைய, ஊரில் இல்லை

ஒரே இனத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு நிலை இருக்கலாம் என்பது புதிதாகப் படிப்பவரைக் குழப்பும். நாடெங்கும் நல்ல மழை என்று செய்தி வரும் ஆண்டிலும் நம் ஊர்க் கண்மாய் வறண்டு கிடப்பதுண்டு அல்லவா, அந்த மாதிரி.

இங்கிலாந்திலிருந்து ஓர் உண்மையான உதாரணம் சொல்கிறேன். அங்கே கேரெக்ஸ் சில்வாட்டிகா என்ற காட்டுக் கோரை சாதாரணம். ஈரமான பழைய காடுகளில் பாதை ஓரமெல்லாம் கிடைக்கும். அதே நாட்டில் கேரெக்ஸ் டிபாப்பரேட்டா என்று இன்னொன்று. இதுவும் காட்டு ஓரத்தில் வாழ்வதுதான். ஒரு கதிரில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பை இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் பெரியது. அயர்லாந்து முதல் காகசஸ் மலைகள் வரை ஐரோப்பாவின் குறுக்கே இது பரவியிருக்கிறது. ஆனால் பிரிட்டனில் அரிதிலும் அரிது. சர்ரே, சாமர்செட் மாவட்டங்களில் விரல் விட்டு எண்ணும் இடங்களில்தான் இயல்பாக வளர்கிறது. அயர்லாந்தில் கார்க் மாவட்டத்தில் இருக்கிறது. அந்நாடுகளின் பட்டியலில் இது ஆபத்தில் உள்ள செடி.

ஏன் இப்படி ஆனது? அங்கே யாரும் காட்டை அழித்துவிடவில்லை. முன்பு அந்தக் காடுகளில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மரங்களை அடியோடு ஒட்ட வெட்டி, விறகுக்கும் வேலிக் கம்புக்கும் எடுப்பார்கள். அடிமரத்திலிருந்து மறுபடி துளிர்க்கும். அதனால் காட்டுத் தரையில் ஏதாவது ஒரு மூலையில் எப்போதும் வெளிச்சம் விழும். விறகின் தேவை குறைந்ததும் அந்தப் பழக்கம் நின்றது. மரங்கள் வளர்ந்து மூடிக்கொண்டன. அரை நிழல் கேட்கும் கோரைக்கு முழு நிழல் ஒத்துவரவில்லை. பின்னால் சர்ரே மாவட்டத்தில் புதரை வெட்டி வெளிச்சம் விட்டபோது, மண்ணில் பல காலமாக உறங்கிக் கிடந்த விதைகள் முளைத்து வந்தன.

நம் சோலைகளில் நிலைமை இதற்கு நேர் எதிர். இங்கே கூரை திறந்தால் வெயில் இறங்கும், மக்கு காயும், உண்ணிச்செடி ஓரத்திலிருந்து நுழையும். அங்கே கோடரி காப்பாற்றியது, இங்கே கோடரிதான் ஆபத்து. ஒரே கேரெக்ஸ் பேரினம், ஒரே காட்டு வாழ்க்கை, ஆனாலும் ஒன்றுக்குச் சொன்ன மருந்தை இன்னொன்றுக்குக் கொடுக்க முடியாது. வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு இங்கே காட்டு மேலாண்மை பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கவலை வருவது இதனால்தான்.

அமெரிக்காவில் இந்த இரட்டை நிலையை வெளிப்படையாகவே எழுதிவைக்கும் வழக்கம் இருக்கிறது. உலக நிலைக்கு 1 முதல் 5 வரை ஓர் எண், மாநில நிலைக்குத் தனியாக இன்னொரு எண். 1 என்றால் மிகுந்த ஆபத்து, 5 என்றால் கவலை இல்லை. ஒரு காட்டுக் கோரைக்கு உலக அளவில் 5-ம் ஒரு மாநிலத்தில் 1-ம் இருப்பது அங்கே சாதாரணம். பரவலின் விளிம்பில் உள்ள மாநிலங்களில்தான் இப்படி அமையும். நம் கேரெக்ஸ் பக்கான்ஸையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். இலங்கை, தென்னிந்தியா, இமயம், சீனா, தென்கிழக்கு ஆசியா என்று அதன் பரவல் பெரிது. உலகக் கணக்கில் அதற்காக யாரும் பதற மாட்டார்கள். ஆனால் மலை உச்சிச் சோலைகள் சமவெளியால் சூழப்பட்ட தீவுகள். ஒரு மலையில் அது அற்றுப்போனால், அடுத்த மலையிலிருந்து விதை வந்து சேரச் சூடான சமவெளியைத் தாண்ட வேண்டும். அது எளிதில் நடக்காது.

மதிப்பிடப்படாதது என்றால் பத்திரமானது அல்ல

இணையத்தில் ஒரு செடியைத் தேடி, சிவப்புப் பட்டியலில் இல்லை என்று பார்த்ததும், அப்பாடா என்று மூச்சு விடுகிறவர்கள் உண்டு. அது தவறு. இல்லை என்றால் இன்னும் யாரும் பார்க்கவில்லை என்றுதான் பொருள். உலகின் பாலூட்டிகளும் பறவைகளும் ஏறக்குறைய முழுதாக மதிப்பிடப்பட்டுவிட்டன. செடிகளில் பெரும்பகுதி இன்னும் பாக்கி. அதிலும் பூ பெரிதாக இல்லாத கோரைகளுக்கு வரிசையில் கடைசி இடம்தான்.

கோரைகளுக்குள்ளேயும் ஒரு பேதம் நேர்ந்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் நன்னீர் உயிரினங்களை ஐ.யூ.சி.என். மதிப்பிட்டு 2011-ல் அறிக்கை வெளியிட்டது. மீன், நத்தை, தும்பியோடு நீர்த்தாவரங்களும் அதில் இடம்பெற்றன. குளத்திலும் சதுப்பிலும் வாழும் கோரைகள் அந்தச் சாக்கில் கணக்குக்குள் வந்துவிட்டன. நீர்த்தாவரம் என்ற வரையறைக்குள் வராத காட்டுக் கோரைகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சிவப்புப் பட்டியலுக்குச் சட்ட பலம் கிடையாது. 1972-ம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் செடிகளுக்கென்று பின்னர் ஓர் அட்டவணை சேர்த்தபோது அதில் இருந்தவை 6 தாவரங்கள்தான். கோரை எதுவும் இல்லை. 2002-ம் ஆண்டின் உயிரிப் பல்வகைமைச் சட்டத்தில் அழியும் நிலையில் உள்ள இனங்களை அறிவிக்க வழி இருக்கிறது. ஆனால் நடைமுறையில் ஒரு காட்டுக் கோரையைக் காப்பது அது நிற்கும் இடத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்புதான். கொடைக்கானல் 2013-ல் வனவுயிர்ச் சரணாலயம் ஆனது. மேகமலையும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சேர்ந்து 2021-ல் புலிகள் காப்பகம் ஆயின. அறிவிப்பில் இருந்தது புலி. பலன் அந்தக் காட்டுத் தரையில் உள்ள எல்லாவற்றுக்கும். மதுரைக்குப் பக்கத்திலேயே அரிட்டாபட்டி 2022-ல் தமிழ்நாட்டின் முதல் உயிரிப் பல்வகைமைப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது ஊர் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அது வறண்ட பாறைக் குன்றுகளின் நிலம், சோலை அல்ல. ஆனாலும் இடத்தைக் காத்தால் பெயர் தெரியாத செடியும் சேர்ந்து தப்பிக்கிறது என்பதற்கு நம் வீட்டு வாசலில் இருக்கும் உதாரணம் அது.

ஒரு கோரையைப் பதிவு செய்ய

இதையெல்லாம் படித்துவிட்டு மலைக்குப் போகிறவர்கள் செய்யக்கூடிய உருப்படியான வேலை ஒன்று உண்டு: சரியான படம். கோரையை மொத்தமாக ஒரு படம் எடுத்துப் போட்டால் எந்த நிபுணராலும் பெயர் சொல்ல முடியாது. பழத்தோடு இருக்கும் குத்தைத் தேடுங்கள். முழுச் செடி, தண்டின் அடிப்பகுதியும் அங்குள்ள உறையின் நிறமும், பூங்கொத்து முழுதும், அப்புறம் லென்ஸை மொபைல் கேமராவின் முன் பிடித்து அந்தச் சின்னப் பையின் ஒரு நெருக்கமான படம். பக்கத்தில் ஒரு ஸ்கேலோ நாணயமோ இருந்தால் அளவு தெரியும். நிழலா, அரை நிழலா, ஓடையிலிருந்து எத்தனை அடி, தரையில் மக்கா பாறையா, மேலே என்ன மரம் என்பதை இரண்டு வரி எழுதிவையுங்கள். இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் ஏற்றலாம்.

பழைய பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியும் நமக்கு இருக்கிறது. ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே தென்னிந்தியக் கோரைகளைச் சேகரித்து வைத்தார். பழனி மலைச் செடிகளைச் செண்பகனூர் சேசு சபையார் காலங்காலமாகச் சேர்த்தார்கள். திருச்சி புனித ஜோசப் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரக் கூடத்தில் பாதிரியார் கே. எம். மாத்யூவின் குழு அந்தப் பணியைத் தொடர்ந்தது. ஒவ்வொரு தாளிலும் காய்ந்த செடியோடு தேதியும் இடமும் எழுதி ஒட்டியிருக்கும். அந்த இடத்தில் இன்று அதே செடி இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பதுதான் தொடர்ந்து சரிகிறது என்ற நிபந்தனைக்கு வேண்டிய ஆதாரம். இல்லை என்பதும் பதிவுதான். அதையும் தேதியோடு எழுதுங்கள்.

பிடுங்க வேண்டாம். சரணாலயத்துக்குள் அது குற்றமும் கூட. அரிய செடி என்று சந்தேகம் வந்தால் துல்லியமான இடத்தைப் பொதுவில் போடாமல் மறைத்துவிடுங்கள். தளத்திலேயே அதற்கு வசதி இருக்கிறது. கூட்டம் கூடிக் குனிந்து படமெடுத்தாலே சோலைத் தரையின் மக்கு மிதிபட்டு இறுகிவிடும். ஓடைக் கரையில் நிற்கும்போது செடிக்குக் கீழ்ப்பக்கம், பாறை மேல் கால் வையுங்கள். மேல்பக்கம் மிதித்தால் சரியும் மண் நேராகக் குத்தின் மேல்தான் விழும்.